வாலோடு சேர்த்துத் தொட்டேன், நின்றது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வயதும் எழுபதை நெருங்குகிறது, மறதி அதிகம். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள், ஊரே படிக்கிற இடத்தில் எழுதத் துணிந்ததற்குக் காரணம் என் மகள்தான். "நீ எழுதலன்னா நான் எழுதிருவேன், நான் எழுதினா ஒன்னையக் கிண்டல் பண்ணித்தான் எழுதுவேன்" என்றாள். அதற்கு நானே எழுதிவிடுவது மேல்.

போன வருஷம் பங்குனி மாதம், பிசானப் பருவத்து நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் நானும் மகளும் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு அவள் ஒரே பிள்ளை. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அது போதும் என்று வந்து வீட்டிலிருந்தே சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். அவள் தன் பேரில் எடுத்த முதல் வேலை, நெல் அறுக்கிற மெஷின் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு. அவரிடம் நாலு மெஷின் உண்டு. சீவலப்பேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் வயல் வைத்திருப்பவர்கள், எந்த நாளில் மெஷின் வேண்டும் என்று தங்கள் போனிலேயே பதிந்துகொள்ளும்படி இண்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். பேர், ஊர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அண்ணாச்சி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. வலது கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரை கிழிந்துவிட்டது என்று சொல்லி உடனே ஆபரேசன் செய்தார்கள். கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழியை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழி மேலெழும்பிப் போய்த் திரையை ஒட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அதனால் பத்து நாளைக்கு ராவும் பகலும் முகத்தைத் தரையைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும், நிமிரவே கூடாது. இடது கண்ணிலும் லேசாகக் கிழியத் தொடங்கியிருந்ததால் அதற்கும் வைத்தியம் செய்து, சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அதில் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் ஆளே புகை மாதிரிதான் தெரியும். கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கட்டிலில் குப்புறப் படுத்து, முகத்தை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பாள். நெற்றிக்கு மட்டும் ஒரு சுருட்டின துண்டு. அவளுக்கு நேர் கீழே தரையில் டம்ளரில் காப்பி வைத்து ஒரு குழாயைப் போட்டுவிடுவேன், உறிஞ்சிக் குடிப்பாள். யாரோடு பேசினாலும் தரையைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அண்ணாச்சி போன் செய்தார். மகள் சொல்லி நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, ஒங்க பக்கத்தை நம்பி மெஷின அனுப்பினா வயக்காரன்லாம் என்னைய ஏசுதான். அவன் பதினாலுன்னு போடுதான், எனக்குப் பதிமூணுன்னு வருது. ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளுக்குன்னா பரவால்ல, எல்லாத்துக்கும் அப்படித்தான் வருது."

ஆபரேசனுக்குப் போவதற்கு முந்தின நாள், அவர் கேட்டார் என்பதற்காக மகள் அவசர அவசரமாக அந்தப் பக்கத்தில் ஒரு காலண்டர் வைத்துக் கொடுத்திருந்தாள். அதிலிருந்துதான் கோளாறு. அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் வேறு வழியில்லை. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாளைக்கு எந்த மெஷின் எங்கன போகணும்னு சொல்லணும். அதுக்குள்ள சரியாயிட்டுன்னா சரி. இல்லன்னா நான் என் நோட்டுக்கே போயிருதேன். நீங்க கண்ணைப் பாத்துக்கோங்க, அதுதான் முக்கியம்" என்று வைத்துவிட்டார்.

அவர் வைத்ததும் இன்னொரு போன். சீவலப்பேரியில் இருந்து ஒரு பெண் பேசினாள், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். மகள் செய்த அந்தப் பக்கத்தில் போட்டிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள்.

"எம்மா, நான் புதன்கிழமையத்தான அமுக்கினேன். செவ்வாக்கிழமையே மெஷின் வந்து நிக்கு. வயல்ல தண்ணி வடியல, ஒரே சேறு. இறக்க முடியாம திரும்பிப் போயிட்டு. இன்னைக்குக் கேட்டா எனக்கு நாளே இல்லங்காவ. மேக்க வேற கருத்துக்கிட்டு வருது. நான் என்ன செய்ய?"

நானே, "பாக்கோம்மா, சாயங்காலத்துக்குள்ள பாக்கோம்" என்று சொல்லி வைத்தேன்.

சென்னையில் கூட வேலை பார்த்த இரண்டு பேரை மகள் கூப்பிடச் சொன்னாள். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்க்கிறேன் என்றார். அதில் பிரயோஜனம் இல்லை. அப்புறம் மகளின் முகத்துக்குக் கீழே தரையில் இரண்டு சொட்டு விழுந்ததைப் பார்த்தேன். காப்பியா கண்ணீரா என்று கேட்கவில்லை. "கண்ணும் போச்சு, தொழிலும் போச்சு" என்று மட்டும் மெல்லச் சொன்னாள். சிறுவயதில் ஓட்டப்பந்தயத்தில் விழுந்தபோதுகூட அவள் அப்படிப் பேசினதில்லை.

பிறகு சொன்னாள்: "எம்மா, லேப்டாப்பை எடு."

"நானா?"

"வேற யாரு இருக்கா? இங்கன கண்ணு ஒனக்குத்தான இருக்கு."

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. பெரிய எழுத்தை பஸ் போர்டில் பார்த்துப் படித்தேன். சின்ன எழுத்தை மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கையில் அவள் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். அந்த லேப்டாப்பை அதுவரை தூசி தட்டுவதற்காகத்தான் தொட்டிருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன், அவள் தலைக்குப் பக்கத்தில். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சோதித்துப் பார்ப்பதற்கென்றே வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுகிற நகல் அது, தப்பாக அமுக்கினாலும் யார் வயலுக்கும் மெஷின் போகாது என்று தைரியம் சொன்னாள்.

"இப்ப எஃப் பன்னெண்டை அமுக்கு."

அமுக்கினேன்.

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. ஊர்ப் பேரு எழுதுற கட்டத்துல எஃப், ஒண்ணு, ரெண்டுன்னு விழுந்திருக்கு."

தரையைப் பார்த்தபடியே சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. "சீவலப்பேரி, நாங்குநேரி, எஃப் பன்னெண்டுன்னு புதுசா ஒரு ஊரா? எம்மா, அது மேல் வரிசையில ஒரே கட்டையில இருக்கும்."

தேடி அமுக்கியதும் திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பதிவுப் படிவம், இன்னொரு பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அதைப் பார்த்து எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. மகள் பொறுமையாகச் சொன்னாள். அந்த எழுத்தெல்லாம்தான் அவள் எழுதின புரோகிராமாம். வயக்காரர் பட்டனை அமுக்கியதும் அது மேலிருந்து கீழாக ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் எந்த இடத்தில் தேதி கெட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு வரியின் ஓரத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டால் ஒரு நீலக்குறி விழும். ஓடி வருகிற புரோகிராம் அந்த நீலக்குறியில் வந்து அப்படியே நின்றுவிடும். நின்றபின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அதற்குப் பேர் பிரேக்பாயிண்ட்.

"வாய்க்கால்ல மண்ணை வெட்டிப் போட்டுத் தண்ணியை நிப்பாட்டுத மாதிரியா?" என்றேன்.

"அதேதான். நிப்பாட்டிட்டு, தண்ணி கலங்கியிருக்கா தெளிஞ்சிருக்கான்னு பாக்கப்போறோம்."

இது எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் எத்தனையோ தடவை தண்ணீர் மாற்றிவிடப் போயிருக்கிறேன்.

அவள் ஃபைல் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நான் பட்டியலில் தேடிப் பிடித்துத் திறந்தேன். தேதி வருகிற வரியைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆனது. நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவள் அதைக் கூட்டி வார்த்தையாக்கி, "இல்ல, அடுத்தது, இல்ல, அடுத்தது" என்பாள். கடைசியில் வரி கிடைத்தது. எண்ணைத் தொட்டேன், நீலக்குறி விழுந்தது. படிவத்தில் பேர், ஊர் போட்டு, தேதி பதினாலைத் தொட்டு, பட்டனை அமுக்கினேன்.

நிற்கவில்லை. பதிமூன்று என்று பதிவாகிவிட்டது.

திரும்பச் செய்தோம். நிற்கவில்லை. ஒரு வரி மேலே வைத்தோம், ஒரு வரி கீழே வைத்தோம். பக்கத்தை மூடித் திறந்தோம். பிரவுசர் பழசை ஞாபகம் வைத்திருக்கும் என்று அதைத் துடைக்கச் சொன்னாள், அதையும் செய்தோம். ஒவ்வொரு தடவையும் தேதி பதிமூன்றாகிப் போய்க்கொண்டே இருந்தது. மணி ஒன்று ஆகிவிட்டது. நான் சோறு கூட வைக்கவில்லை.

இப்போது நான் வெட்கப்பட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மகளுக்குச் சொன்ன பிறகு உங்களுக்குச் சொல்ல என்ன?

மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ செய்யும்போது, விரல் நழுவி வலதுபக்கம் மேலே எதையோ தொட்டுவிட்டேன். உடனே நீலக்குறி வெளுத்துவிட்டது. போகவில்லை, சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை. தப்பு செய்துவிட்டால் வாயை மூடிக்கொள்வது என் சுபாவம். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்துவிட்டு மூன்று நாள் மறைத்து வைத்திருந்தவள் நான். கேட்டால்தான் சொல்வேன், கேட்காவிட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவேன். அவள் பாவம், குறி நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒன்று மாற்றி ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் என் மகளை வெறுங்காட்டில் அலையவிட்டேன்.

கடைசியில், "எம்மா, குறி நல்ல நீலமாத்தான இருக்கு?" என்று கேட்டாள்.

"வெளுத்திருக்கு" என்றேன்.

"எப்ப இருந்து?"

"பன்னெண்டு மணியில இருந்து."

"எம்மா! நீ எல்லாக் குறியையும் ஒரேயடியா அணைச்சு வச்சிருக்கே! அணைச்சு வச்சுட்டு நிக்கலியே நிக்கலியேன்னு என்கூடச் சேந்து நீயும் வருத்தப்படுதே!" என்றாள். ஏசுவாள் என்று பயந்தேன். ஆனால் கட்டில் குலுங்கியது. சிரிப்பில்தான். "தலைய ஆட்டாத, தலைய ஆட்டாத" என்று நான் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாம சொல்லும்மா. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். எனக்கு இப்ப ஒன் வாய்தான் கண்ணு" என்றாள்.

அந்தப் பேச்சு என்னை என்னவோ செய்தது. அன்று முதல் நான் எதையும் மறைப்பதில்லை.

அவள் சொன்னபடி மேலே அம்புக்குறியின் குறுக்கே கோடு போட்ட பொத்தானைத் தேடி அமுக்கினேன். குறி பளிச்சென்று நீலமானது. இப்போது நின்றுவிடும் என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். பதினாலைத் தொட்டு, பட்டனை அமுக்கினேன்.

அப்போதும் நிற்கவில்லை.

இன்னும் என்னென்னவோ மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் மணி இரண்டரை ஆகிவிட்டது. "விடும்மா. போய்ச் சோறு வை. அண்ணாச்சி நோட்டுக்கே போகட்டும்" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறைக்கக்கூடாது என்று அப்போதுதான் முடிவெடுத்திருந்ததால், மனதில் கிடந்த இன்னொன்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, ஒண்ணு சொன்னாச் சிரிக்கக்கூடாது. அந்தப் பட்டியல்ல இதே பேருல ரெண்டு இருக்கு."

"ரெண்டா?"

"ஆமா. ஒண்ணு சும்மா இருக்கு. இன்னொண்ணு, அதே பேரு, கடைசியில ஒரு கேள்விக்குறி. அதுக்குப் பின்னால நாலஞ்சு எழுத்தும் எண்ணும் வாலு மாதிரி தொங்குது. நான் முதல்ல இருக்கதுதான் சரின்னு அதைத் திறந்தேன்."

நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வால் கண்ணில் பட்டிருக்காது என்று பிறகு மகள் சொன்னாள். பேரைப் பார்த்ததும் அவர்கள் அடுத்ததற்குப் போய்விடுவார்களாம். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், கடைசி எழுத்து வரை போனால்தான் எனக்கு அது ஒரு பேர்.

அதோடு, வால் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரிகளுக்கு அனுபவம் உண்டு. எங்கள் பக்கம் குலசாமி பேரைத்தான் எல்லா வீட்டிலும் வைப்பார்கள். நான் பிறந்த தெருவில் மட்டும் என் பேரில் ஏழு பேர். அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு வால். கிணற்றடியாள், மேலவீட்டாள், நெட்டையாள் என்று. வால் இல்லாமல் வெறும் பேரைக் கூப்பிட்டால் ஏழு பேரில் ஒருத்திகூடத் திரும்ப மாட்டாள், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரவர் வேலையைப் பார்ப்போம். ஒருமுறை தடுப்பூசி போட வந்த நர்சம்மா வெறும் பேரை மட்டும் வாசித்து வாசித்துத் தொண்டை வறண்டு, இந்த ஊரில் யாருக்கும் ஊசி வேண்டாம் போலிருக்கிறது என்று திரும்பிப் போனார். நாங்கள் ஏழு பேரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"நாம வாலில்லாமக் கூப்பிடுதோமோ என்னமோ" என்றேன்.

மகள் தலையைத் தூக்கப் போனாள். நான் ஒரே அமுக்காக அமுக்கினேன்.

"எம்மா," என்றாள் தரையைப் பார்த்து, "எம்மா, வாலுள்ளதைத் திற!"

அப்புறம்தான் விளக்கினாள். அவள் நேரடியாக எழுதுவதை பிரவுசர் அப்படியே ஓட்டாதாம். அவள் உபயோகிக்கிற ஃபிரேம்வொர்க் என்கிற ஏற்பாடு, அவள் எழுதினதையெல்லாம் வாங்கி, வெட்டி, தைத்து, வேறு உருவமாக்கித்தான் ஓடவிடும். வாலில்லாதது அவள் எழுதினது பார்வைக்கு இருக்கிற இடம். ஓடுகிறது வாலுள்ளது. "நான் தெனமும் அதுலதாம்மா வைப்பேன். கை தானாப் போயிரும். இத்தனை வருசமா என் கைக்குத்தான் தெரியும், எனக்குச் சொல்லத் தெரியலியே!" என்றாள்.

வாலுள்ளதைத் திறந்தேன். அதே வரி அங்கேயும் இருந்தது, வேறொரு எண்ணில். பைய விரலை வைத்தேன். நீலம் விழுந்தது. நல்ல நீலம்தானா என்று இரண்டு தடவை பார்த்துச் சொன்னேன். பேர், ஊர், பதினாலு. பட்டன்.

திரை முழுக்க மங்கியது. படிவம் அசையாமல் நின்றது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, "ஐயோ, இருட்டிப் போச்சு, ஒரு பெட்டி வந்து நிக்கு" என்றேன்.

"பெட்டியில என்ன எழுதியிருக்கு? வாசி."

"பி… ஏ… யூ… எஸ்… ஈ… டி…"

மகள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் என்ன ஏது என்று மாடிப்படியில் வந்து நின்றார். நான் வெளியே போய், ஒன்றுமில்லை, நின்றுவிட்டது என்றேன். கரண்டா என்று கேட்டார். இல்லை, புரோகிராம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். வேற்று ஆளிடம் தலைகுனியாமல் நான் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நின்றபின் மீதி வேலை கால்மணி நேரம்தான். நின்ற வரிக்குப் பக்கத்தில் தேதி இரண்டு விதமாக இருந்தது. மேலே பதினாலு என்று இருந்தது. அடுத்த வரியில் பதிமூணு என்று இருந்தது, அதை ஒட்டி ஒரு டி, பிறகு பதினெட்டு, இரண்டு புள்ளி, முப்பது. வாசித்தேன்.

"பதினெட்டு முப்பதா!" என்றாள். "தெரிஞ்சு போச்சும்மா, தெரிஞ்சு போச்சு."

விஷயம் இதுதான். நமக்குப் பதினாலாம் தேதி பிறக்கிற நேரத்தில் லண்டன் கடிகாரத்தில் இன்னும் பதிமூன்றாம் தேதி சாயங்காலம் ஆறரை மணிதானாம். புதிதாக வைத்த காலண்டர் நம் தேதியைச் சரியாகத்தான் கொடுத்தது. அடுத்த வரி அதை லண்டன் நேரத்துக்கு மாற்றி, மணியை வெட்டிவிட்டு, தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது. சீவலப்பேரி வயலுக்கு லண்டன் தேதியில் மெஷின் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

அந்த வரியை அழித்துவிட்டுப் புது வரி எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன். மகள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், சின்ன எழுத்தா பெரிய எழுத்தா, அடைப்புக்குறி எந்தப் பக்கம் வளைந்தது என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு ஒரு விரலால் அமுக்கினேன். எழுதி முடித்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தேன். மறுபடி பதினாலைத் தொட்டு அமுக்கினால், பதினாலு என்றே பதிவானது. இருபது, இருபது. முப்பத்தொன்று, முப்பத்தொன்று. எனக்கு நிறுத்த மனமில்லை, ஒவ்வொரு தேதியாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். "போதும்மா, வருசமே முடிஞ்சிரும்" என்றாள் மகள். பிறகு அவள் சொன்ன மூன்று வார்த்தையை, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற கருப்புத் திரையில் எழுதி, சரி செய்ததை ஊருக்கெல்லாம் போகும்படி அனுப்பினோம்.

நாலு மணிக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டோம். அவர் தன் போனில் பதிந்து பார்த்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பதிந்தார். "ஏம்மா, சரியா வருதே!" என்றார். காலண்டர் வைத்த பிறகு பதிந்தவற்றையெல்லாம் ஒவ்வொரு நாள் தள்ளி வைத்துக்கொள்ளும்படி மகள் சொன்னாள்.

"கண்ணு தெரியாம எப்படிம்மா செஞ்சீங்க?"

"எங்கம்மா செஞ்சா அண்ணாச்சி."

"எந்த அம்மா? நான் வந்தா காப்பியக் கதவு ஓரமா வச்சுட்டு உள்ள ஓடுவாங்களே, அவுங்களா?"

"அவங்களேதான்."

"அவுங்ககிட்ட போனைக் குடுங்க" என்றார். நான் வழக்கம்போல வேண்டாம் என்று கையை ஆட்டினேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை. எனவே பேச வேண்டியதாயிற்று. "சீவலப்பேரியில ஒரு அம்மாவுக்குச் சேத்துல இறக்க முடியாம மெஷின் திரும்பிட்டு. அவங்களுக்கு நாளைக்கே அனுப்புங்க. மழை வருது" என்றேன். கெஞ்சவில்லை, சொன்னேன். அவர் சரி என்றார்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "வந்துட்டும்மா, பாதி அறுத்தாச்சு" என்று கத்தினாள். சாயங்காலம் வண்ணார்பேட்டையில் நல்ல மழை. அதற்குள் நெல்லை மூட்டை பிடித்து வீட்டுக்குள் ஏற்றிவிட்டதாக அப்புறம் தகவல் சொன்னாள்.

மகளுக்குக் கண் சரியாகிவிட்டது, கண்ணாடி மட்டும் கொஞ்சம் கனம். அண்ணாச்சி நோட்டுக்குத் திரும்பவில்லை. இப்போதும் புதிதாக ஏதாவது எழுதினால் மகள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுவாள். வேகமாக வாசிக்கிற கண்ணில் படாதது எழுத்துக்கூட்டுகிற கண்ணில் படும் என்பாள். படிப்பு பாதியில் நின்றுபோனதை அறுபது வருஷம் ஒரு குறையாகச் சுமந்து நடந்தவள் நான். அந்தக் குறைதான் அன்றைக்கு என் மகளின் தொழிலைக் காப்பாற்றியது என்று நினைக்கும்போது, அதை இனி யாரிடமும் மறைக்கத் தோன்றவில்லை.

ஒரு வேண்டுகோள். இதில் வருகிற கம்ப்யூட்டர் சங்கதிகளை மகள் வாய்வழி கேட்டதை வைத்து எழுதியிருக்கிறேன். கேள்விக்குறிக்குப் பின்னால் வந்தது நாலு எழுத்தா ஐந்தா என்பதுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துத் திருத்துங்கள். வேகமாக வாசித்துவிடாமல், கடைசி எழுத்து வரைக்கும் போய்ப் பாருங்கள்.